எலி மட்டுமா குற்றவாளி?

என் பன்னிரண்டு வயதில் அப்பா பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். செம்பனைக் காட்டில் லாலான் வெட்டியவர். மலேரியா என்றே எண்ணிப் பயந்தோம். டிரெசர் ஐயாதான் அவர் இடுப்பு மடிப்பில், சுருட்டுச் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டார். "உண்ணிக் காய்ச்சல்" என்று மருந்து கொடுத்தார். அப்பா பிழைத்தார்.

"எலிதான் காரணம்" என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். "எலியைக் கொன்றால் நோய் போய்விடுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். படித்துப் பார்த்தேன், வெட்கமாயிருந்தது.

கிருமியின் வீடு உண்ணிதான். தாய் உண்ணியின் முட்டை வழியே அது குஞ்சுக்குப் போகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அக்குஞ்சு ஒரே ஒரு முறை எலியைப் பற்றி உண்ணும். பிறகு மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். எலி அதற்குச் சோறும் வண்டியும். புல்லில் உட்கார்ந்தால் நாமும் சோறுதான்! காடழித்த இடத்தில் லாலான் மண்டினால் எலியும் உண்ணியும் பெருகும்.

1948-இல் கோலாலம்பூரில்தான் குளோரம்பெனிகால் மருந்து இந்நோயைக் குணமாக்குவதைக் கண்டறிந்தார்கள். மருந்து இருக்கிறது, தாமதம்தான் எமன்.

வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். காய்ச்சல் கண்டால் அக்குள், இடுப்பு மடிப்புகளைப் பாருங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், புல்லில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.