முல்லைக்கு மணி தெரியும்

திருவையாற்று வீட்டில் ஒரே ஒரு சுவர்க் கடிகாரம். அப்பா சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும். அம்மா அதை நம்பியதே இல்லை. கிணற்றடிப் பந்தலில் முல்லை வாசம் கிளம்பினால் விளக்கேற்றுவாள், அவ்வளவுதான். வயலிலும் அப்படித்தான். நெல் பூ காலை பத்து மணி வாக்கில் திறக்கும், ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அப்போது மருந்து அடிக்க அப்பா யாரையும் விட மாட்டார்.

செடிக்குள் கடிகாரமா? சத்தியமாக உண்டு. 1729-ல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். சூரியனைப் பார்க்காமலே அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. 2015-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெட்டூனியாப் பூவை ஆராய்ந்தார்கள். எல்.ஹெச்.ஒய். என்றொரு ஜீன். காலையில் வாசனைத் தயாரிப்பை அமுக்கி வைக்கும். பொழுது சாய அதன் பிடி தளரும், மணம் கிளம்பும். அந்துப்பூச்சி வராத வேளையில் எதற்கு சென்ட் செலவு? அந்த ஜீனை நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்ய வைத்தபோது, பூ இருந்தது, வாசம் ஏறக்குறையப் போய்விட்டது. முல்லைத் திணைக்கு மாலைப் பொழுதை ஒதுக்கிய தொல்காப்பியர் இதில் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அம்மா. எண்பத்தோரு வயதில், சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் ஒன்பது நாள் இருந்தாள். ஜன்னல் இல்லை. டியூப்லைட் அணைவதே இல்லை. வெளியே வந்தபோது நுரையீரல் சரியாகியிருந்தது, பகல் ராத்திரி குழம்பியிருந்தது. நடுநிசியில் காபி கேட்பாள். மத்தியானம் வாசல் கதவைப் பூட்டச் சொல்வாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"டெலிரியம் சார். வயசானவங்களுக்கு வர்றதுதான், சரியாயிடும்" என்றார் டாக்டர்.

ஊருக்கே அழைத்துப் போனேன். பின்கட்டில் கட்டிலைப் போட்டோம். பகலில் வெளிச்சம், ராத்திரியில் நிஜமான இருட்டு, நல்ல தூக்கம். எல்லாமும்தான் வேலை செய்திருக்கும். முல்லைக்கு முழு மார்க் போட மாட்டேன்.

நான்காம் நாள். நான் பேப்பரில் சுடோகுவுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மூக்கை லேசாக உறிஞ்சினாள்.

"ஏண்டா, அந்தியாச்சே. இன்னும் வெளக்கு வெக்கலியா?"

மணி பார்த்தேன். ஆறேகால். எழுந்து போனால், தீப்பெட்டி எங்கே என்று தெரியவில்லை. அதையும் அவளே சொன்னாள்.