சிரட்டையில் ஓர் ஓட்டை

ஜூன் பிறந்தால் திருவனந்தபுரத்தில் இரண்டு விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றாக நடக்கின்றன. மழை வருகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான சாலைக் கம்போளத்தின் பின்சந்து ஒன்றில், அப்படியொரு ஈரமான மாலையில், ஏழு வயதுப் பையன் ஒருவன் வாசல்படியில் உட்கார்ந்து சிரட்டையின் கண்ணில் ஆணியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பல வருடங்களுக்கு முன் வியாபாரத்துக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம்.

"ஓட்டை விழுந்துதா மக்கா?"

"விழுந்திட்டு ஆச்சி."

"அப்போ மண்ணைப் போடு. தண்ணி கீழே இறங்கணும், கேட்டியா?"

விளையாட்டுதான். ஆனால் இந்த ஊரில் இது வெறும் விளையாட்டல்ல. வேண்டாத பொருளை எங்கே போடுவது என்ற கேள்விக்கு நகரமே விடை தெரியாமல் நின்ற கதை இங்கே உண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்து திருவனந்தபுரத்தின் குப்பை, நகருக்கு வெளியே விளப்பில்சாலை கிராமத்தில் இருந்த உரத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் கிராமத்தினர் வருடக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. மறு ஆண்டு போலீஸ் துணையோடு அதைத் திறக்க எடுத்த முயற்சிகளும் மக்களின் எதிர்ப்பில் முடங்கின. தலைநகரத்துக்குத் திடீரென்று குப்பை கொட்ட இடமில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகுதான் குப்பை வீட்டுக்குத் திரும்பியது. சமையலறைக் கழிவை மக்கவைக்கக் குழாய்களும் தொட்டிகளும் வந்தன. பிளாஸ்டிக்கைக் கழுவி, உலர்த்தி வைத்தால் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு தேடி வந்து வாங்கிப்போகிறார்கள். வேளாண் துறை, 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காய்கறி விதைகளைக் கொடுக்கிறது. வீட்டில் உரம் தயார், கையில் விதை தயார். தொட்டிதான் பாக்கி. அதையும் காசு கொடுத்து வாங்குவானேன் என்று கேட்கிற குழந்தை பாதிப் பாடத்தைப் படித்துவிட்டது.

கேரளத்தில் இதற்கு முதல் பாத்திரம் சிரட்டை. ரப்பர் பால் பிடிக்க ஓட்டையில்லாத சிரட்டை வேண்டும். செடிக்கு ஓட்டையுள்ளது வேண்டும். தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மென்மையானது. கண்ணுள்ள பாதியை எடுத்தால் சின்னக் கைகளே ஆணியால் அதைத் துளைத்துவிடலாம். தோட்டத்து மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். வெந்தயமோ பாசிப்பயறோ தூவினால் இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். பொறுமை குறைவான வயதுக்கு இதுவே சரியான விதை. இந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் சிவப்புக் கீரைக்குச் சிரட்டை போதாது. கழுவிய பால் கவரின் அடிமூலைகளைக் கத்தரித்து, அதில் நாற்றுவிட்டு, பிறகு பெரிய தகர டப்பாவுக்கு மாற்றலாம். விதைத்த ஒரு மாதத்துக்குள் பொரியலுக்குப் பறிக்கலாம்.

தண்ணீர் பாட்டிலில் செய்கிற வித்தை பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும். பாட்டிலைக் குறுக்கே வெட்டி, வாய்ப்பக்கத்தைத் தலைகீழாக அடிப்பாதிக்குள் செருக வேண்டும். பழைய வேட்டித் துணியைத் திரியாக்கி வாய் வழியே தொங்கவிட்டால், அடியில் ஊற்றிய தண்ணீரைத் திரியே மேலே இழுத்து மண்ணை நனைக்கும். விளக்கில் எண்ணெய் ஏறுவது போலத்தான்.

இங்கேதான் ஆச்சியின் ஓட்டை நினைவுக்கு வர வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய சிறிதளவு தண்ணீரிலேயே முட்டையிடும். ரப்பர் தோட்டங்களில் மழைநீர் நிற்கும் சிரட்டைகள் கேரளச் சுகாதாரத் துறைக்கு நெடுநாள் தலைவலி. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் பள்ளிகளில் வெள்ளி, அலுவலகங்களில் சனி, வீடுகளில் ஞாயிறு என்று 'டிரை டே' வைத்து, தேங்கிய நீரைக் கொட்டச் சொல்கிறார்கள். பாட்டில் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கு ஞாயிறுதோறும் ஒரு வேலை உண்டு: அடித் தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓட்டை போட மறந்த டப்பா செடியையும் அழுகவைக்கும், தெருவுக்கும் காய்ச்சல் கொண்டுவரும்.

இன்னொரு உண்மையையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. செடி வைத்ததால் பிளாஸ்டிக் மறைந்துவிடுவதில்லை. வெயிலில் ஒரு வருடம் நின்றால் பால் கவர் பொடிந்து மண்ணோடு கலக்கத் தொடங்கும். பாட்டிலும் ஒருநாள் விரியும். அதற்கு முன் கழுவிச் சேனையிடம் கொடுத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. கொடுக்காதது எங்கே போகும் என்பதை 2024 ஜூலையில் இந்த நகரம் பார்த்தது. தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் வாய்க்காலில், மலைபோல் அடைத்திருந்த குப்பையை எடுக்க இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் மூழ்கினார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தக் குப்பையில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

சிரட்டை அப்படியல்ல. மெதுவாக மக்கினாலும் கடைசியில் மண்ணாகிவிடும். மீறிப்போனால் அடுப்பெரிக்கலாம். கொண்டாட்டமாகச் செய்ய பாட்டில் இருக்கட்டும். வழக்கமாகச் செய்ய சிரட்டையே இருக்கட்டும்.

சந்தில் மழை வலுத்தது. பையன் தன் சிரட்டையைத் தாழ்வாரத்தின் ஓரத்தில் வைத்துக் குனிந்து பார்த்தான். அடியிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

"ஆச்சி, தண்ணி இறங்குது!"

"இறங்கட்டும். இனி நாளும் பாத்துக்கணும் மக்கா, அதுதான் கஷ்டம்" என்றாள் ஆச்சி.