திறப்பு யாரிடம்?

மானிப்பாயிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில், சண்டிலிப்பாயில், எமக்குப் பழக்கமான தச்சுப் பட்டறையொன்று உண்டு. பழைய இரும்புச் சட்டமொன்றில் ஸ்டெப்பர் மோட்டர்களைப் பூட்டி, கணினியின் கட்டளைப்படி மரஞ் செதுக்கும் சீஎன்சி இயந்திரமாக அதனை மாற்றியமைக்கும் முயற்சியில் நாமும் பங்குகொண்டோம். இரும்பு வேலையும் மின் வேலையும் பட்டறைக்காரருடையவை. எந்த மென்பொருளால் இயந்திரத்தை ஆள்வது என்ற தீர்ப்பு மட்டும், நாலெழுத்துப் படித்தவர் என்ற காரணத்தால், எம்மிடம் விடப்பட்டது.

தச்சர் முதலில் விரும்பியது மாக் 3. விண்டோஸில் இயங்குவது, திரையிலுள்ள பொத்தான்களை ஒரு மாலைப் பொழுதிற் பழகிவிடலாம். ஆனால் அதன் உரிமம் 175 டொலர். டொலர் 300 ரூபாவானால் அது ஐம்பதாயிரத்தைத் தாண்டும். பணங் கட்டாத பிரதியோ 500 வரிக் கட்டளைகளுடன் நின்றுவிடும். ஒரு கதவின் பூவேலைக்கு ஆயிரக்கணக்கான வரிகள் வேண்டும். பழைய பரலல் போர்ட் வழியாக இயக்குவதாயின் 64 பிற் விண்டோஸ் அதற்கு உதவாது. களவாகப் பிரதி எடுப்பவரைக் குறித்து ஒழுக்கபோதனை செய்யும் எண்ணம் எமக்கில்லை. எனினும் களவெடுத்த பிரதியும் உள்ளே திறந்து பார்க்க முடியாத பிரதியே அல்லவா?

ஆகவே நாம் லினக்ஸ்சீஎன்சி என்பதைத் தெரிந்தோம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் 1990களில் ஆக்கப்பட்டுப் பொதுச் சொத்தாக வெளியான நிரலிலிருந்து வளர்ந்தது அது. மோட்டருக்குச் செல்லும் துடிப்புகள் நேரந் தவறினால் வெட்டும் தவறும். எனவே நேரத்தைக் கண்டிப்பாகக் காக்கும்படி திருத்திய லினக்ஸின் மீது அது இயங்குகிறது. விலையில்லை, மூலநிரல் முழுவதும் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது. நோர்வேயில் 2009 இல் தொடங்கப்பட்டு, 32 கிலோபைற் நினைவகமே கொண்ட ஆர்டுயினோ ஊனோ அட்டையில் அடங்கும் ஜீஆர்பிஎல் என்பதும் அத்தகையதே. அதனை விளையாட்டுப் பொருளென ஒதுக்கினோம். அது எமது அவசரம்.

எமது தெரிவின் பின்னால் ஒரு கொள்கை நின்றது. 1952 இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்வழி மில்லிங் இயந்திரத்தைக் காட்டுவதற்கு முன்னரே, வேறொரு வழியும் இருந்தது. தொழிலாளி ஒருமுறை தன் கையால் வெட்டிக் காட்டுவார். அவ்வசைவைப் பதிவுநாடா பிடித்துவைத்துத் திரும்ப நிகழ்த்தும். அவ்வழி ஏன் கைவிடப்பட்டது என்பதை டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். கட்டுப்பாடு பட்டறைத் தளத்திலிருந்து முகாமையின் அறைக்குச் செல்வதை முதலாளிகள் விரும்பினர் என்பது அவர் வாதம். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த குடாநாட்டுக்கு, திறந்து திருத்தக்கூடிய பொருளின் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

முதல் வேலையாக வேப்பம் பலகையில் ஓரடித் தாமரையொன்று செதுக்கினோம். தச்சர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “மாஸ்ரர், பூ வட்டமில்லை” என்றார். கணினி பிழைவிடாது என்று நாம் சாதித்தோம். அவர் அடிமட்டத்தை எடுத்தார்: குறுக்கே 300 மில்லிமீற்றர், நெடுக்கே ஏறக்குறைய 305.

இரண்டு நாள் நாம் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்திருந்தோம். மோட்டர் ஒரு சுற்றுக்கு 1600 படிகள். திருகுத்தண்டின் புரி 5 மில்லிமீற்றர். ஆக மில்லிமீற்றருக்கு 320. கணக்கிற் குற்றமில்லை. மூன்றாம் நாள் தச்சர் நெடுக்குத் தண்டைக் கையாற் சுற்றினார். ஐந்து சுற்றில் பலகை சரியாக ஓரங்குலம் நகர்ந்தது. “இது பழைய சாமான், அங்குலப் புரி” என்றார். 5 அன்று, 5.08. வேண்டிய எண் 314.96. எம் படிப்புக்கு எட்டாதது அவர் விரலுக்கு எட்டியது.

அந்த எண்ணை மாற்ற வேண்டிய இடம் அவருக்குத் தெரியாது. மாக் 3 ஆக இருந்திருப்பின் மோட்டர்ப் பகுதியின் பெட்டியொன்றில் அதனைத் தட்டியிருப்பார். இங்கோ ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட கோப்பினுள் ஒரு வரியாக அது கிடந்தது. “கொம்பனிக்காரன் பூட்டினாலும் பூட்டுத்தான், இங்கிலீசு பூட்டினாலும் பூட்டுத்தான். நீங்கள் வராத நாளிலை நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

எமக்கு மறுமொழி இருக்கவில்லை. திறப்பை முதலாளியிடமிருந்து மீட்டோம் என்று எண்ணி எமது சட்டைப் பையிலேயே வைத்திருந்தோம்.

பிறகு அவருடைய மகன் ஜீஆர்பிஎல்லில் ஒரு சிறு வரைபொறி செய்தான். அதன் அமைப்பெண்கள் முப்பதுக்குச் சற்றே மேற்பட்டவை. தகப்பனும் மகனும் அவை அனைத்தையும் ஓர் அப்பியாசக் கொப்பியில், இன்ன எண் இன்ன வேலைக்கென்று, தமிழில் எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிற்று. அதைக் கண்ட பின்னரே பெரிய இயந்திரத்தின் கோப்பையும் வரி வரியாகத் தமிழில் எழுதத் தொடங்கினோம். இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. சுவரில் முதல் தாள் ஒட்டப்பட்டுள்ளது. குறுக்கு 320, நெடுக்கு 314.96. அதன் கீழே, தச்சரின் கையெழுத்தில், ‘அங்குலப் புரி, தண்டு மாற்றினால் இதையும் மாற்று’ என்றிருக்கிறது.