அந்தக் கூரை நான் போட்டதில்லை

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய என் கோப்பில் ஒரு படம் இருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றின் கூரை. மூலையில் சாய்ந்து ஏறும் கழுக்கோலில் கைவைத்து, மஞ்சள் ஹெல்மெட்டோடு நான் நிற்கிறேன். அந்தக் கழுக்கோலை அளந்தது, அறுத்தது, ஏற்றிப் பொருத்தியது எல்லாம் என் சித்தப்பா. அன்றைக்கு நான் அவருக்குச் சோறு கொண்டு போனவன்.

பதினோரு வருடமாக மரவேலை செய்கிறேன்; அதில் பொய்யில்லை. ஆனால் என் கை பழகியது 18 எம்எம் பிளைவுட்டிலும் மைக்காவிலும். சமையலறை அலமாரி, வார்ட்ரோப், டிவி யூனிட். நான் விண்ணப்பித்தபோது அந்த நாட்டுத் தொழில் பட்டியலில் இதற்குத் தனி எண் இருந்தது: கேபினட் மேக்கர், 394111. நான் போட்டது 331212, கார்பென்டர். அங்கே கார்பென்டர் என்றால் வீட்டையே மரத்தில் எழுப்புகிறவன். 90க்கு 45 பைன் கட்டைகளை 450 அல்லது 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிறுத்திச் சுவர்ச் சட்டம் அடிப்பான், படிக்கட்டு வைப்பான், கூரை போடுவான். நம் ஊரில் சுவர் கொத்தனாருடைய வேலை. அவர்கள் கேட்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த வித்தை கூரை. அதைத்தான் நான் படிக்காமல் விட்டேன்.

சித்தப்பா இரண்டு முறை கூப்பிட்டார். "வா மக்கா, கூரை போடப் படிச்சுக்கோ. எனக்கப்புறம் யாரு இருக்கா?" ஒரு கூரை முடிய இருபது நாள் ஆகும். அதற்குள் இன்டீரியரில் ஒரு வீட்டை முடித்துக் காசு பார்த்துவிடலாம். அப்புறம் வருகிறேன் என்றேன், போகவில்லை.

விசாவுக்கு முன்னால் அவர்கள் கேட்கும் தொழில்திறன் மதிப்பீட்டுக்கு நான்கு மாதம் தயார் செய்தேன். அனுபவக் கடிதம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, வேலை செய்யும் படங்கள், வீடியோக்கள். அதில் தேறினால் நேர்முகம். அடி, அங்குலம், நூல் என்றே யோசிக்கும் மனசை மில்லிமீட்டருக்குத் திருப்பினேன். ஒரு நூலுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். படியின் உயரம் 190ஐத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 240க்குக் குறையக் கூடாது என்று ராத்திரியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அந்த நான்கு மாதத்தில் ஒரு வாரம் சித்தப்பாவோடு மேலே ஏறியிருக்கலாம். ஏறினால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். விசாவுக்குப் பொய் ஆவணம் கொடுத்தால் 3 வருடம் தடை வரும் என்பது தெரியும். தெரிந்தேதான் அந்தப் படத்தைச் சேர்த்தேன்.

வீடியோவில் கேள்வி கேட்டவர் மரியாதையான மனிதர். முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. பிறகு அந்தப் படத்தைத் திரையில் காட்டி, இந்த மூலைக் கட்டையின் நீளத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். 45 டிகிரி என்றேன். அது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் கோணம், நீளம் எப்படி வந்தது என்றார். வரைபடத்தில் இருந்தது என்றேன். அந்த வரைபடம் இருக்கிறதா என்றார். சித்தப்பா வாழ்நாளில் வரைபடம் வைத்துக் கூரை போட்டதில்லை. நான் பேசாமல் இருந்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தேறவில்லை. வீட்டில், அவர்கள் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை என்று சொன்னேன். முதல் பொய்யைவிட இது என்னை அதிகம் அரித்தது. சித்தப்பா அதை நம்பினார். "இங்கிலீஷ்தானே மக்கா, படிச்சுக்கிடலாம். கையில வேலை இருக்குல்லா" என்று சொல்லி, வகுப்புக்குப் போக ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். அந்த நோட்டுகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது. ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

படத்தைக் காட்டச் சொன்னார். இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலைக் கழுக்கோல் சுவர்மரத்தில் உட்காரும் வெட்டையே ரொம்ப நேரம் பார்த்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை சாக்குக்கட்டியோடு வந்தார். சிமென்ட் தரையில் நான்கடிச் சதுரம் போட்டு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு இழுத்தார். நேர்க் கழுக்கோலுக்குக் கிடை 4 அடி, ஏற்றம் 3 அடி என்றால் கட்டை 5 அடி. மூலைக்கு ஏற்றம் அதே 3 அடி, கிடை மட்டும் இந்தக் குறுக்குக் கோடு. அதன் நுனியில் மூலைமட்டம் வைத்து 3 அடி நிமிர்த்திக் கோடு போடச் சொன்னார். போட்டேன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். 6 அடி, 4 அங்குலம், 7 நூல்.

"அவன் கணக்குல எவ்வளவுலே?" என்றார்.

டேப்பின் மறுவிளிம்பைப் பார்த்துச் சொன்னேன். 1952.