பின் சீட்டுல அம்மா, அடியில ஸ்பிரிங்

1/
கொஞ்சம் நீளமான இழை. கார் ஸ்பிரிங் பத்தி. அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஸ்பிரிங்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க. பாதி வழியில முதுகெலும்பு வரும். நான் பண்ண ஒரு தப்பும் வரும்.

2/
என்னோடது செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். தனியா ஓட்டினா பிரச்சினையே இல்ல. அஞ்சு பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறிட்டா பின்பக்கம் உட்கார்ந்துடும். வெம்பாக்கத்துல இருந்து காஞ்சிபுரம் போறதுக்குள்ள வேகத்தடைக்கு வேகத்தடை பின்னாடி 'டொக்'குன்னு ஒரு அடி.

3/
கேட்டவங்க எல்லாம் சொன்னது ஒண்ணுதான்: "ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போடுங்க சார்." போட்டேன். பின்னாடி ரெண்டும் புதுசு, கம்பி கொஞ்சம் தடிமன். டொக் சத்தம் போச்சு, வண்டி நிமிர்ந்து நின்னுச்சு. டிரைவர் சீட்டுல உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துட்டு 'சூப்பர்'னு நினைச்சேன். பின் சீட்டுல உட்கார்ந்து பார்க்கவே இல்ல.

4/
ஒரு மாசம் கழிச்சு ஆரணியில சொந்தக்காரங்க கல்யாணம். முடிச்சுட்டு ராத்திரி செய்யாறு வழியா திரும்பி வரோம். முன்னாடி நானும் அப்பாவும். பின்னாடி அம்மா மட்டும். பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. நான் பார்க்கல. வேகம் 50 இருக்கும். பின்பக்கம் தூக்கிப் போட்டுச்சு. அம்மா சீட்டுல இருந்து எழும்பி மறுபடி விழுந்தாங்க. "அம்மா"ன்னு ஒரே ஒரு சத்தம்.

5/
வண்டியை ஓரங்கட்டிக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல கண்ணு, இடுப்புல புடிச்சுக்கிச்சு, நீ போ"ன்னாங்க. நானும் தசைப்பிடிப்புதான்னு மாத்திரையும் தைலமும் குடுத்தேன். வேற யாராவது 62 வயசு அம்மா வந்து இதையே சொல்லியிருந்தா அன்னைக்கே எக்ஸ்ரே எழுதியிருப்பேன். சொந்த அம்மான்னா மூளை வேற மாதிரி வேலை செய்யுது.

6/
நாலாவது நாள். படுக்கையில புரள முடியல, இருமினாலும் வலி. எக்ஸ்ரே எடுத்தோம். எல்-1 முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்துச்சு. நாற்பது வயசுக்கு முன்னாடியே கர்ப்பப்பையோட சினைப்பைகளையும் எடுத்தவங்க. எலும்பு வலு குறைஞ்சிருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஃபிலிமை லைட்டுல வெச்சுப் பார்த்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன்.

7/
வேகத்தடையில முதுகெலும்பு நசுங்குறது அபூர்வமான கதை இல்ல. மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. பெரும்பாலும் பஸ்ஸோட கடைசி வரிசையில உட்கார்ந்தவங்க. சீட்டை விட்டு எழும்பி, உட்கார்ந்த நிலையிலேயே விழும்போது, நெஞ்சுப் பகுதி முதுகெலும்பும் இடுப்புப் பகுதி முதுகெலும்பும் சேர்ற இடத்துல பாரம் இறங்குது. எல்-1 அங்கதான் இருக்கு.

8/
அப்புறம்தான் ஸ்பிரிங் பத்தி ஒழுங்கா படிச்சேன். அடிப்படை ராபர்ட் ஹூக் 1678-ல வெளியிட்ட விதி. எவ்வளவு பாரமோ அந்த அளவுக்கு அமுங்கும். 1 மி.மீ. அமுக்க எவ்வளவு விசை வேணும்ங்கறதுதான் ஸ்பிரிங்கோட விறைப்பு. இதை 'நியூட்டன்/மி.மீ.'ன்னு சொல்லுவாங்க. 20 நியூட்டன்/மி.மீ.ன்னா சுமார் 2 கிலோ வெச்சா 1 மி.மீ. அமுங்கும்.

9/
கணக்குக்கு ஒரு உதாரணம். பின் சக்கரம் ஒண்ணு மேல 200 கிலோ, விறைப்பு 20. வண்டி தானா ஆடுற வேகம் நொடிக்கு 1.6 தடவை (1.6 ஹெர்ட்ஸ்). ஆள் ஏறி அதே சக்கரத்துல 300 கிலோ ஆயிடுச்சுன்னா 5 செ.மீ. கூடுதலா அமுங்கும், ஆட்டம் 1.3 ஆகும். மெத்துனு இருக்கும், ஆனா அடியில இடிக்கும்.

10/
அதே வண்டிக்கு 30 விறைப்பு போடுங்க. 300 கிலோவுல ஆட்டம் 1.6, கூடுதல் அமுக்கம் 3.3 செ.மீ. தான். அருமை. ஆனா 200 கிலோவுல கிட்டத்தட்ட 2 ஹெர்ட்ஸ். அதாவது அஞ்சு பேருக்குப் பொருத்தமான ஸ்பிரிங், பின்னாடி ஒரே ஒரு ஆள் இருக்கும்போது விறைப்பா இருக்கும். அந்த ஒரே ஆள் எங்க அம்மா.

11/
சாதாரண கார்களை 1-ல இருந்து 1.5 ஹெர்ட்ஸ் பக்கம்தான் அமைப்பாங்க. நாம நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குற வேகத்துக்கு அது கிட்ட. 0.5-க்குக் கீழ போனா குமட்டல் வரும். உட்கார்ந்த மனுஷ உடம்பை மேல-கீழ அதிர்வு அதிகமா பாதிக்கிறது 4-ல இருந்து 8 ஹெர்ட்ஸ். உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரமும் அந்தப் பகுதிக்கு அதிக எடை குடுக்குது.

12/
'கொஞ்சம் தடிமன் கம்பி'ன்னு சொன்னேன்ல? அந்தக் 'கொஞ்சம்'தான் ஏமாத்தும். விறைப்பு, கம்பி விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 12 மி.மீ. கம்பிக்குப் பதிலா 13 மி.மீ. போட்டா (மத்தது எல்லாம் அதேன்னா) விறைப்பு சுமார் 38% கூடும். கண்ணால பார்த்தா வித்தியாசமே தெரியாது.

சில பேர் வண்டி தாழ்வா தெரியணும்னு ஸ்பிரிங் சுற்றை வெட்டுவாங்க. வேலை செய்யுற ஆறு சுற்றுல ஒண்ணு வெட்டினா 20% விறைப்பு கூடும், அமுங்க இடமும் குறையும். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

13/
இப்போ என் நிஜமான தப்பு. வேற ஒரு வயசான மெக்கானிக்கிட்ட வண்டியைக் காட்டினேன். அவர் ஸ்பிரிங்கைப் பார்க்கவே இல்ல. பின்பக்க மூலையை அமுக்கி விட்டார். வண்டி மூணு நாலு தடவை ஆடிச்சு. குனிஞ்சு பார்த்துட்டு, "ஷாக் அப்சார்பர் ஆயில் கக்கியிருக்கு டாக்டர். பம்ப் ஸ்டாப் ரப்பரும் தூளாப் போச்சு. பழைய ஸ்பிரிங் நல்லாத்தான இருந்திருக்கும்?"னு கேட்டார்.

14/
ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், அதிர்ச்சியை வாங்கிச் சேர்த்து வெச்சுக்கும். அதைத் திருப்பி விடும்போது அடக்குறது ஷாக் அப்சார்பர். ஷாக் செத்திருக்கும்போது விறைப்பான ஸ்பிரிங் போட்டா, வாங்கின அடியை அப்படியே மேல தள்ளும். நான் செஞ்சது அதுதான். காய்ச்சல் ஏன்னு பார்க்காம மாத்திரை குடுக்காதேன்னு ஹவுஸ் சர்ஜன் பசங்களைத் திட்டுற நான், டொக் சத்தம் ஏன்னு பார்க்காம ஸ்பிரிங் மாத்தினேன்.

15/
நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். முதல் குற்றவாளி ஸ்பிரிங் இல்ல, என் வேகம். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்ற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதையே 25 கி.மீ. வேகத்துல கடக்கணும்னுதான் கணக்கு. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்குறது அதை விட ரொம்பக் குறுகல், செங்குத்து. அதுல 50-ல போனா எந்த ஸ்பிரிங்கும் காப்பாத்தாது. ஆனா நல்ல ஷாக்கும் சரியான ஸ்பிரிங்கும் இருந்திருந்தா அந்த எலும்பு தப்பிச்சிருக்குமோன்னு நினைக்காத நாள் இல்ல.

16/
இதை அப்பாகிட்ட விளக்கினேன். தறியில உட்கார்ந்தபடியே கேட்டார். "பாவை ரொம்ப இழுத்துக் கட்டினா பட்டு இழை அறுந்துடும். தளர்த்தினா நெசவு நிக்காது. இழைக்கு ஏத்த இழுப்பு வேணும். இதுக்குப் போயி இத்தினி கணக்கா?"ன்னார். அம்மா அம்பது வருஷமா அந்தத் தறிக்குத் தார் சுத்தினவங்க. அன்னைக்கு பெல்ட் போட்டுப் படுத்திருந்தாங்க.

17/
வேகத்தடை டாக்டருக்கு உதவுற இடமும் ஒண்ணு இருக்கு. 2012-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு. குடல்வால் அழற்சி சந்தேகத்தோட வந்தவங்ககிட்ட 'வர்ற வழியில வேகத்தடையில வலி கூடிச்சா?'ன்னு கேட்டாங்க. அழற்சி உறுதியான 34 பேர்ல 33 பேர் 'ஆமா'ன்னாங்க. கூடலைன்னு சொன்னா குடல்வாலா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. நானும் வயித்து வலிக்காரங்ககிட்ட இதைக் கேட்பேன். இப்போ முதுகு வலிக்காரங்ககிட்டயும் கேட்கிறேன்.

18/
வண்டிக்கு என்ன பண்ணேன்? கம்பெனி அளவு ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். பின் ஷாக் ரெண்டும் புதுசு, பம்ப் ஸ்டாப் புதுசு. டயர் காத்து, கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்குற அளவுக்கு. (மைலேஜுக்காக ஏத்தி வெச்சிருந்தேன், அதுவும் ஒரு விறைப்புதான்.) இப்போ அஞ்சு பேர் ஏறினாலும் டொக் இல்ல.

19/
ஸ்பிரிங் மாத்த நினைக்கறவங்களுக்கு:

• முதல்ல ஷாக், பம்ப் ஸ்டாப், புஷ் பாருங்க. மூலையை அமுக்கி விட்டா ஒண்ணு ஒண்ணரை ஆட்டத்துல நிக்கணும்.
• சக்கரத்தோட நடுவுல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரை அளங்க. காலியா ஒரு தடவை, ஆள் ஏத்தி ஒரு தடவை, ரெண்டு பக்கமும். காலியா இருக்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா அந்த ஸ்பிரிங் களைச்சுப் போச்சு.
• வருஷத்துல எத்தனை நாள் ஃபுல் லோடு? நாலு நாள்னா, அந்த நாலு நாளுக்காக மீதி நாளைக் கெடுக்காதீங்க.
• சிஎன்ஜி சிலிண்டர் மாதிரி எப்பவும் இறங்காத பாரம் இருந்தா மட்டும் விறைப்பு கூட்டுறதுல அர்த்தம் இருக்கு. எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.
• மாத்தினப்புறம் நீங்க பின் சீட்டுல உட்காருங்க, வேற யாரையாவது ஓட்டச் சொல்லுங்க.

20/
வீட்ல வயசானவங்க இருந்தா: முன் சீட்டுல உட்கார வைங்க, பெல்ட் போடுங்க, வேகத்தடையில கிட்டத்தட்ட நின்னு போங்க. தூக்கிப் போட்டப்புறம் புதுசா முதுகு வலி வந்தா, குறிப்பா மாதவிடாய் நின்ன பெண்களுக்கு, தைலம் தேய்ச்சுட்டு விடாதீங்க. எக்ஸ்ரே எடுங்க. காலு மரத்தாலோ, பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் போகாம நின்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு, படுக்க வெச்சு.

21/
அம்மா இப்போ நடக்கிறாங்க. எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, தினம் கால்சியம். உயரம் கொஞ்சம் குறைஞ்சுட்டதா அவங்களே சொல்றாங்க, புடவை கீழ இழுபடுதாம். மன்னிப்பு கேட்டேன். "ரோட்டுல கெடந்ததுக்கு நீ என்ன பண்ணுவ கண்ணு"ன்னாங்க.

போன வாரம் முன் சீட்டுல ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை அவங்களே மாட்டிக்கிட்டாங்க. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நூறு அடி முன்னாடியே கையைத் தூக்கிக் காட்டுறாங்க. நானும் பிரேக்ல கால் வெச்சுடறேன்.