தனுஷ்கோடி – தலைமன்னார்: தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானத்தில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் கணினி உடனே பதில் சொல்லிவிடும். சென்னையிலிருந்து கொழும்புக்கு சுமார் 650 கி.மீ. ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இராமேஸ்வரம் தீவின் கடைசி முனையான தனுஷ்கோடியில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடலில் சுமார் 30 கி.மீ. தூரம்தான். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். கடலைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தமிழகம் வந்த மலையகத் தமிழர் பலரும் அதில்தான் வந்து இறங்கினார்கள். இலங்கையில் போர் தொடங்கியபின், 1984-ல் அதுவும் நின்றது.

இப்போது தனுஷ்கோடியில் இருக்கும் ஒரு மீனவரின் சொந்தக்காரர் தலைமன்னாரில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் செய்தி நொடியில் வந்துவிடும். இரு கரையிலும் கடிகாரம் காட்டும் நேரம்கூட ஒன்றுதான். ஆனால் அவர் முறைப்படி போக வேண்டுமானால் முதலில் மதுரைக்கு வர வேண்டும். அது சுமார் 190 கி.மீ., நான்கு மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். கொழும்புக்கு விமானத்தில் சுமார் 350 கி.மீ., ஒரு மணி நேரம். அங்கிருந்து சாலை வழியே தலைமன்னாருக்கு 300 கி.மீ.க்கு மேல், ஆறேழு மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய 850 கி.மீ., பதினைந்து மணி நேரம்! பாஸ்போர்ட், விசா எல்லாம் கையில் தயாராக இருந்து, அன்றைக்கே விமானமும் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. இல்லாவிட்டால் கடைசியாக முகம் பார்க்க முடியாது.

1966-ல் மிகிர் சென் இந்தக் கடலை நீந்தியே கடந்தார். அவருக்கு ஆன நேரம் 25 மணி 36 நிமிடம். விமானத்தில் சுற்றிப் போகிறவர் அவரைவிடப் பத்து மணி நேரம்தான் முந்துகிறார்.

2015-ல் தலைமன்னார் ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. இரண்டு கரையிலும் கடல் வரைக்கும் வழி போட்டாகிவிட்டது. நடுவில் உள்ள அந்த 30 கி.மீ.க்கு மட்டும் கப்பல் இல்லை.

1983-க்குப் பிறகு அகதிகள் இந்தக் கடலைப் படகில்தான் கடந்து வந்தார்கள். 2022-ல் பொருளாதார நெருக்கடியின்போதும் அப்படித்தான் வந்தார்கள். உயிருக்குப் பயந்தவர்கள் கடந்த அந்தத் தூரத்தை, உறவைப் பார்க்கப் போகிறவர்களும் ஒரு டிக்கெட் வாங்கிக் கடக்கும் நாள் வர வேண்டும்.