கால் அங்குலம்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்கு ஓர் உறை உண்டு. உறை என்பது மரியாதைக்காகச் சொல்வது. மூன்று பழைய பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் தைத்த விரிப்பு அது. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அதன் நல்ல புறம் உள்ளே மறையும்படி மடித்துத்தான் அம்மா மிஷின்மேல் போர்த்துவார். ஏன் அப்படி என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. (நாங்கள் என்பது அக்காவும் தங்கையும். எங்களில் மூத்தவளுக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணி. இளையவளுக்குத் தையல்மேல் தீராத பித்து. எழுதும் கை ஒன்று என்றாலும் பேச்சு இருவருடையதுதான்.)

இளையவளின் பித்து அண்மைக் காலத்தில் க்வில்ட் பக்கம் திரும்பியிருக்கிறது. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஓர் அடித்துணி. இம்மூன்றும் நகராதபடி இணைத்துத் தைப்பதுதான் அடிப்படை வேலை. ஆனால் அந்த இணைப்புத் தையலையே பூவாகவும் அலையாகவும் ஓடவிடலாம் என்பதில்தான் வசீகரம். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழேயுள்ள பற்கள் துணியைக் கடித்து நேராக இழுத்துச் செல்லும். இதில் அந்தப் பற்களுக்கு வேலையில்லை. எங்கள் பழைய உஷாவில் பற்களைத் தாழ்த்த வழியில்லாததால், ஊசி இறங்குமிடத்தில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் பற்களின்மேல் ஒட்டிவிட்டோம். அதன்பின் துணி போகும் திசை முழுக்க நம் கையில். பேனாவை ஓரிடத்தில் நட்டுவைத்துவிட்டுக் காகிதத்தை நகர்த்தி எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் எங்களுக்கு வந்தது அரிச்சுவடிக் குழந்தையின் கையெழுத்துதான்.

இந்தக் கோணலுக்கு மருந்தாக வந்தவை அக்ரிலிக் அச்சுகள். வட்டம், வில், அலை, இதழ் என்று பல வடிவங்களில் கண்ணாடிபோல் தெளிந்த தகடுகள். தகட்டை இடக்கையால் துணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அதன் விளிம்பு மிஷினின் ஃபுட்டை உரசியபடி இருக்குமாறு துணியையும் தகட்டையும் ஒன்றாக நகர்த்த வேண்டும். விளிம்பின் வளைவு அப்படியே தையலில் விழும். இதற்கென்று தனி ஃபுட் உண்டு. தகடு மேலேறாமலும் கீழே நுழையாமலும் தடுக்கும் கனத்த வட்டச் சுவர் கொண்டது. அந்த ஃபுட் இல்லாமல், பூத்தையலுக்குப் பயன்படுத்தும் மெல்லிய கம்பி ஃபுட்டை வைத்து நாங்கள் தொடங்கினோம். மூன்றாவது வளைவில் தகடு வழுக்கி ஊசிக்கு அடியில் போனது. 'டக்' என்ற ஓசையோடு ஊசி இரண்டாக முறிந்து, நுனி இளையவளின் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அன்று கண்ணாடி அணியாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். இதை முயல நினைப்பவர்கள் முதல் செலவாக அந்த ஃபுட்டை வாங்குங்கள்.

மூத்தவளுக்கு இதைப் பார்த்தபோது கட்டளைக் கலித்துறை நினைவுக்கு வந்தது. நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எழுதத் தெரியாதவனை அந்த எண்ணிக்கை முடக்கிவிடும். தெரிந்தவனை எங்கேயும் நிறுத்துவதில்லை. "உனக்கு எல்லாவற்றிலும் யாப்புதான்" என்றாள் இளையவள். நிற்க.

பழகியது போதும், இனி உருப்படியாக ஒன்று தைக்கலாம் என்று முடிவானபோது துணிக்கு அம்மாவின் பீரோவைத் திறந்தோம். வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் பூவாக மென்மையேறிய சுங்குடிகளும் காஞ்சிப் பருத்திகளும் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. கண் அழுத்த நோயால் ஏறக்குறையப் பார்வை போய்விட்டது. நிழலும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அந்தச் சேலைகளை அவர் இனிக் கட்டப்போவதில்லை. ஆனாலும் கத்தரிக்கோலின் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எதுக்குடி அதையெல்லாம் கிழிக்கிறீங்க? கந்தை போத்திக்கிட்ட காலமெல்லாம் போயாச்சு."

கந்தை. அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் எங்கள் இருவரின் கலையார்வமும் கூனிக்குறுகிப் போயிற்று. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் மரபில் இத்தகைய தையலுக்கு இருக்கும் இடம் அதுதான். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் அரசனைக் காணப்போகும்போது உடுத்தியிருப்பது வேற்றிழைகள் ஓடிய, தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் செய்யும் முதல் உபசாரங்களில் ஒன்று அதைக் களைந்துவிட்டுப் பாம்புத்தோல்போல் மெல்லிய பூவேலைத் துணியை உடுத்தச் செய்வது. துன்னம் என்றால் தையல். சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர்கள் மற்றக் கைவினைஞர்களோடு மரியாதையாகவே வாழ்கிறார்கள். ஆனால் ஒட்டுத்தையல் இட்ட ஆடை வந்தால் அங்கே வறுமை வந்துவிட்டது என்று பொருள். வங்காளத்தில் நிலைமை வேறு. அங்கே பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த காந்தா ஒரு சீதனப்பொருள், ஓர் ஓவியம். ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட நெடுங்கவிதையின் தலைப்பிலேயே நக்‌ஷி காந்தா இருக்கிறது. பௌத்தத் துறவிகளோ மகத நாட்டு வயல்வரப்புகளின் அமைப்பைப் பார்த்து, துண்டுகளை இணைத்தே தம் சீவரத்தை உருவாக்கிக்கொண்டார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இளையவள் விடவில்லை. "நம்ம ஊர்த் தேர்ல தொங்குற தொம்பை மட்டும் என்னவாம்மா? அதுவும் ஒட்டுத்துணி வேலைதானே?"

"அது சாமிக்கு. புதுத் துணியில செய்யறது" என்றார் அம்மா. வாதம் முடிந்தது.

சேலைகளைத் திரும்ப அடுக்கிவிட்டோம். சில நாட்கள் கழித்து, இணையத்தில் வட்ட அச்சு ஒன்றின் விலையைப் பார்த்து நாங்கள் அலுத்துக்கொண்டிருந்தது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. சிரித்தார். "ஒரு வட்டத்துக்கா அவ்வளவு காசு? ஆழாக்கக் கவுத்து சாக்பீஸால சுத்தினா முடிஞ்சுது. நான் அப்படித்தானே போட்டேன்."

எங்கே போட்டார்? நாங்கள் எழுந்துபோய் மிஷின் உறையை எடுத்து, முதன்முறையாக அதை மறுபக்கம் திருப்பினோம்.

வெளிறிய நீலச் சேலைமேல் வெள்ளை நூலில் வட்டங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெட்டிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் நான்கிதழ்ப் பூக்கள். க்வில்ட் புத்தகங்களில் இதற்கு ஆரஞ்சுத் தோல் என்று பெயர். நாங்கள் காணொளி பார்த்துப் பழகிக்கொண்டிருந்த அதே வடிவம் முப்பதாண்டுகளுக்கு மேலாக எங்கள் கையெட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. எங்கள் இருவரையும் பச்சைக்குழந்தைகளாகக் கிடத்தியது அந்த விரிப்பில்தானாம். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "பிள்ளையைக் கந்தையிலயா போடறது?" என்று கேட்டுவிட்டார். அன்று மடித்தவர்தான். அதைச் சொன்னபோது அம்மாவின் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. எங்களுக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டார். பீரோவிலிருந்து எடுக்கவேண்டிய சேலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஐந்தைப் பிரித்துக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: வட்டம் அவருடைய ஆழாக்கின் அளவில் இருக்க வேண்டும்.

ஆழாக்கையே அச்சாகப் பயன்படுத்த முடியாது. அதன் உயரத்துக்கு ஊசித்தண்டில் இடிக்கும். ஆகவே அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரகடம் போகும் சாலையில் உள்ள ஒரு பெயர்ப்பலகைக் கடைக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய 'அவசர வழி', 'தலைக்கவசம் அணிக' பலகைகளை லேசரில் வெட்டித் தருபவர்கள். கடைப் பையன் ஆழாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனிக்கு மேடம் ஜிக்?" என்றான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்த பிறகு வளர்ந்த பிள்ளை. இந்த வட்டாரத்தில் ஜிக் என்பது இப்போது தமிழ்ச்சொல்.

அவன் கேட்டது முற்றிலும் பொருத்தமான கேள்விதான் என்பது பின்னர் தெரிந்தது. மூத்தவளின் பழைய மாணவி ஒருத்திக்குக் கார் இருக்கை உறை தைக்கும் பிரிவில் வேலை. இப்போது விலையுயர்ந்த கார்களின் இருக்கையில் சாய்சதுரத் தையல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். மேலே உறை, அடியில் ஸ்பாஞ்ச் என்று அதுவும் க்வில்ட் வேலையே. தானியங்கி மிஷின்களில் இதைச் செய்யும் ஒரு முறையை அவள் விளக்கினாள். இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே துணியை வைத்து மூடுகிறார்கள். மேல்தகட்டில் வடிவத்துக்கேற்பப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். மிஷின் அந்தப் பள்ளத்தின் வழியே ஊசியை ஓட்டிக்கொண்டு போகும். "நாம துணியை வச்சு எடுத்தாப் போதும் மேடம், கை தைக்காது" என்றாள். எங்கள் அச்சில் தகடு ஓரத்தில் நின்று வழி காட்டுவதோடு சரி. அழுத்தம் தளர்ந்தால் கோடு தளரும், கையின் வேகம் கூடினால் தையல் நீளும். பிழை செய்ய இடம் இருக்கிறது.

செய்தோம். ஆழாக்கின் வாய் 2.5 அங்குலம். அதே அளவில் வெட்டிய வட்டத்தகட்டை வைத்து இரண்டு வரிசை முடித்தோம். பஞ்சு வைக்கவில்லை, நம் ஊர் வெயிலுக்கு மூன்று சேலையே அதிகம். அழகாக வந்திருப்பதாகத்தான் எங்கள் கண்களுக்குத் தோன்றியது. கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தோம். ஒரு வட்டத்தை ஆள்காட்டி விரலால் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார்.

"இது என் ஆழாக்கு இல்ல."

அளந்துதான் வெட்டினோம் என்று சொல்லிப் பார்த்தோம். பழைய விரிப்பை எடுத்து வரச் சொன்னார். இடக்கை அதன்மேல், வலக்கை எங்களுடையதன்மேல். "இதுல இதழ் நுனி சேருது. அதுல சேரல. வட்டம் பெரிசு."

ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது எங்கள் வட்டம் 3 அங்குலம் இருந்தது. ஃபுட்டின் சுவரிலிருந்து ஊசி கால் அங்குலம் உள்ளே நிற்கிறது. ஆகையால் தையல் தகட்டின் விளிம்பில் விழுவதில்லை. எப்போதும் கால் அங்குலம் தள்ளித்தான் விழும். வட்டத்துக்கு இருபுறமும் சேர்த்து அரை அங்குலம் கூடிவிடும். கட்டங்களைப் பழைய அளவிலேயே கோடிட்டிருந்ததால் ஊதிப்போன வட்டங்கள் புள்ளியில் சந்திக்காமல் தாண்டிவிட்டன. எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும் விஷயம் இது. படித்தும் இருந்தோம்.

மறுபடி கடைக்குப் போய் 2 அங்குலத்தில் வெட்டிக்கொண்டு வந்தோம். பையன் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வரிசையில் முதல் பூ முடிந்ததும் மிஷினை நிறுத்தி அம்மாவின் கையை எடுத்து அதன்மேல் வைத்தோம். தடவினார். "ம்" என்றார்.

முதல் இரண்டு வரிசைகளைப் பிரித்துவிடலாம் என்று இளையவள் கத்திமுனையை எடுத்தபோது அம்மா தடுத்தார். "பிரிக்காத. நைஞ்ச துணி, ஊசி ஓட்டை நின்னுடும்." எனவே அவை அப்படியே இருக்கின்றன. மொத்தம் பதினான்கு வரிசைகள். இதை எழுதும்போது ஒன்பதாவது ஓடிக்கொண்டிருக்கிறது. மிஷினுக்கு இப்போது உறையில்லை, அதை அம்மா தம் காலடியில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று இரவில் எழுந்துபோய்ப் பார்க்கும் பழக்கம் எங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது.